கிண்ணத்தில் இருந்த வெள்ளை

மார்ச் 3, திங்கள்

வெயில். குளிர் மட்டும் குறையவில்லை. லூயிஷாமில் ரயில் பத்து நிமிடம் நின்றுவிட்டது. ஸ்டோர் திறக்க மணி ஒன்பது நான்கு. யாரும் கவனிக்கவில்லை.

இன்றைய வேலை: நூதனசாலை ஸ்டோரில் ஆபிரிக்க அலுமாரி, மூன்றாம் தட்டு. அடுத்த செவ்வாய் கொங்கோ ஆட்கள் சிலர் பார்க்க வருகிறார்கள். அவர்கள் கேட்டிருப்பது ஒரே ஒரு பொருளை. லூபா மக்களின் மரச் சிற்பம். என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வரும் உயரம். கால் மடித்து இருக்கும் பெண். முன்னால் ஒரு கிண்ணம், இரண்டு கையாலும் பிடித்தபடி. அட்டையில் ஆங்கிலத்தில் 'பிச்சைக்காரி, கொங்கோ' என்று மட்டும்.

என் மேலாள் ஹெலன் சொன்னது: மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும், விருந்தாளிகள் முன் வைக்க.

தட்டினேன். கிண்ணத்துக்குள் ஏதோ வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. போன மாதம் கூரை திருத்தியவர்கள் கொட்டிய சாந்துத் தூள் என்று நினைத்தேன். தூரிகைக்குப் போகவில்லை. பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடைத்தேன். ஆறு குச்சி. மரம் எண்ணெய் வைத்ததுபோலக் கறுப்பாக வெளிவந்தது. மனதுக்கு நிறைவு. கைபேசியில் நாலைந்து படம்.

வெள்ளி 14இல் என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பார்களா என்று ஹெ. இன்னும் வாய் திறக்கவில்லை. கேட்கவும் பயம்.

வாங்க: பால், வெங்காயம், சேவியருக்குத் தோளில் பூசும் மருந்து.

மார்ச் 4, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

காலையில் ஹெ. ஒரு கோப்பைத் தந்தார். சிற்பத்தோடு வந்த கடிதம், பிரெஞ்சில். இங்கே வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாது. நீங்கள் பிரசெல்சில் இருந்தவர்தானே, வருகிறவர்களுக்கு வாசித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். பெருமையாக இருந்தது. அந்த ஊரில் பதினேழு வருடம் அலுவலகங்கள் துடைத்துப் பிடித்த பிரெஞ்சு. லண்டன் வந்தும் இதே கட்டிடத்தில் மூன்று வருடம் தரை துடைத்தேன். போன செப்ரெம்பரில்தான் ஹெ. என்னைத் தும்புத்தடியிடமிருந்து எடுத்து ஸ்டோருக்குள் விட்டார்.

கடிதம் இரண்டு பக்கம். எழுதியவர் அந்தக் காலத்தில் கொங்கோவில் வரி எடுக்கப் போன பெல்ஜிய அதிகாரி. தன் தங்கைக்கு எழுதுகிறார். முதல் பக்கத்தில் உள்ளது, சுருக்கமாக:

இது குறி சொல்பவர் வீட்டுப் பொருள். கிண்ணத்தில் இருப்பது ஆற்றுப் படுகையில் எடுக்கும் வெண்களி. குறி கேட்க வருபவர்கள் அதைத் தொட்டுத் தங்கள் உடம்பில் பூசுவார்கள். அவர்களுக்கு வெள்ளை என்றால் நிலவின் வெளிச்சம், மறைந்ததைக் காட்டும் வெளிச்சம். அதனால் கிண்ணத்தைக் கழுவிவிடாதே.

அந்த இடத்தில் நின்றுவிட்டேன். இரண்டாம் பக்கம் புரட்டவில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன்.

தெரிந்தவர்: நான் மட்டும்.
தெரிந்துகொள்ளக் கூடியவர்கள்: பிரெஞ்சு வாசிக்கிறவர்கள்.
செவ்வாய் வருகிற எல்லாரும் பிரெஞ்சு வாசிக்கிறவர்கள்.

ஹெ. 'எப்படி இருக்கிறது கடிதம்?' என்று கேட்டார். கையெழுத்து மோசம், நாள் எடுக்கும் என்றேன். பொய். அழகான கையெழுத்து.

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன். ஏழு மணிப் பூசைக்குப் போனேன். பங்குச் சுவாமி நெற்றியில் சாம்பல் பூசும்போது அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அன்ரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

அங்கிருந்து ஓட்டமாக வேலைக்கு. அந்த ஆறு குச்சியும் கிடைத்தால் அதில் ஒட்டிய வெள்ளையாவது மிஞ்சும். குப்பைத் தொட்டி வெறுமை. நேற்றுப் பின்னேரமே லொறி எடுத்துப்போய்விட்டதாகக் காவலாளி சொன்னார். 'ஏதும் பெறுமதியான சாமானா?' என்றார். தோடு என்றேன். இரண்டாவது பொய். அவர் பாவம், லைட் அடித்து நிலமெல்லாம் தேடினார். என் இரண்டு தோடும் காதிலேயே இருந்தன.

சாப்பாட்டுக்குப் பிறகு சேவியரிடம் சொன்னேன். என் மனுசன், குசினி அலுமாரிகள் செய்து பொருத்தும் தச்சன். படத்தைப் பெரிதாக்கி, அப்படியும் இப்படியும் திருப்பி, நெடுநேரம் பார்த்தார். என்னுடைய பயம் அவருக்கு இரண்டாம் பட்சம்.

"இது ஒட்டுப் போட்ட சாமான் இல்லை. ஒரே கட்டை. வாச்சியாலதான் செதுக்கியிருக்கிறான். அந்தக் கொண்டையைப் பாரும், ஜசிந்தா. முகத்தைவிடப் பின்பக்கத்துக்குத்தான் கூட மினக்கெட்டிருக்கிறான். பின்னால ஆர் பார்க்கப்போறது எண்டு விடேல்லை."

பிறகு, கைபேசியைத் திருப்பித் தந்தபடி:

"வெள்ளைதானே வேணும்? நூல் பிடிச்சுக் கோடு அடிக்கிற தூள் என்னட்டைக் கிடக்கு. ஒரு சிட்டிகை காணும். ஆருக்குத் தெரியப்போகுது?"

 வேண்டாம் என்று உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதையும் இதில் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

தூள் கொண்டுபோனேன். மாத்திரைக் குப்பியில். கைப்பைக்குள் அது இருந்த பாரம்.

பன்னிரண்டரைக்கு ஹெ. சாப்பிடப் போனார். நானும் அவளும் மட்டும் (இந்தச் சிற்பத்துப் பெண்ணை 'அது' என்று எழுத வரவில்லை). கையுறை. உருப்பெருக்குக் கண்ணாடி. குப்பி மேசையில்.

முதல் தடவை ஒழுங்காகப் பார்த்தேன். மூன்று நாளாக நான் பார்த்தது கிண்ணத்தை மட்டும். பெரிய உருண்ட நெற்றி. கண் மூடியிருக்கிறதா, பாதி திறந்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. வாய் அடங்கியிருக்கிறது. தலைமயிரைப் பின்னுக்கு வாரி, நான்கு பின்னலாகப் பிரித்து, சிலுவைபோல முடிந்திருக்கிறாள். வயிற்றிலும் இடுப்பிலும் வரிவரியாகத் தழும்பு, விரலால் தடவிப் பார்க்கத்தக்கதாகப் புடைத்து.

ஸ்டோர்ப் புத்தகம் ஒன்றில் நேற்று வாசித்தது. லூபா அரசர்கள் ஆண்கள். ஆனால் அவர்களுடைய ஆசனம், கோல், கிண்ணம் எல்லாவற்றிலும் செதுக்கியிருப்பது பெண்ணை. அரசுரிமையின் இரகசியத்தைக் காத்து வைக்கப் பெண்ணின் உடம்புக்குத்தான் பலம் என்று நம்பினார்கள். சில சிற்பங்களில் பெண் தன் மார்பில் கை வைத்திருப்பது அதைக் காட்டத்தான், உள்ளே வைத்திருக்கிறேன் என்று. தழும்பு வெறும் அலங்காரம் இல்லை, தெரிந்தவர்கள் வாசிக்கலாம். செதுக்கியவன் அழகுக்கு மட்டும் செதுக்கவில்லை. ஆவி வந்து குடியிருக்கப் பிழையில்லாத ஓர் உடம்பு செய்து கொடுத்தான். ஐரோப்பியர் பலர் கிண்ணத்தைக் கண்டதும் பிச்சைக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்களாம்.

கிண்ணத்தைக் கண்ணாடிக்கு அடியில் பிடித்தேன். விளிம்பின் உட்புறம் ஓர் இடம் மட்டும் குழிந்து தேய்ந்திருந்தது. விரல்கள் போய்ப் போய் வந்த இடம். அவளுடைய இடது பெருவிரலுக்குக் கீழே ஒரு வெடிப்பு. அதற்குள் மயிரளவு வெள்ளை, என் குச்சி போகாத இடத்தில்.

மடு மாதா கோவில் மண் என்னிடம் ஒரு தகரப் பெட்டியில் இருக்கிறது. மன்னாரிலிருந்து பெல்ஜியம், அங்கிருந்து இங்கே. அதை யாராவது குப்பை என்று கொட்டிவிட்டு, தோட்டத்து மண்ணை நிரப்பி அதே இடத்தில் வைத்தால் நான் அதையும் நெற்றியில் தொட்டு வைப்பேன். ஒன்றும் தெரியாமல்.

குப்பியைத் திறக்கவில்லை.

ஆனால் ஹெ. திரும்பி வந்த பிறகு நாலு தரம் என் மேசையைக் கடந்து போனார். நாலு தரமும் வாய் வரவில்லை.  வேலையால் வந்து தூளைக் குசினிச் சிங்கில் கொட்டினேன். சேவியர் கண்டார். 

மார்ச் 7, வெள்ளி

சொல்லிவிட்டேன். ஒன்பது இருபது.

ஹெ. தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். நான் முழுவதும் சொல்லி முடியும்வரை கோப்பை வாய்க்குப் போகவில்லை. எத்தனை குச்சி, தண்ணீர் மட்டுமா, படம் இருக்கிறதா என்று கேட்டார். திட்டவில்லை. திட்டினால் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு கதிரையில் இருந்துவிட்டார். தான் வந்து பன்னிரண்டு வருடம், அந்தக் கடிதத்தை ஒரு முறைகூட மொழிபெயர்ப்பிக்கவில்லை என்றார். கோப்பில் உள்ளதை வாசித்த பிறகுதான் பொருளைத் தொட வேண்டும், அந்த முறையைத் தானே மீறிவிட்டதாகச் சொன்னார். ஆனால் அறிக்கை எழுதித்தான் ஆக வேண்டும். அதில் என் பெயர் வரும். அது நிர்வாகக் குழுவுக்குப் போகும். என் ஒப்பந்தம் முடிகிற மாதத்தில் அது போவது நல்லதில்லை என்று அவருக்கும் தெரியும். 

"வருகிறவர்களுக்கு நான் எழுதட்டுமா, நீங்கள் நேரில் சொல்கிறீர்களா?"

நான் சொல்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் முந்திவிட்டது.

கடிதத்தின் பிரதியை வீட்டுக்குத் தந்தார். திங்களுக்குள் முழு மொழிபெயர்ப்பு வேண்டும்.

மார்ச் 8, சனி

துணி தோய்த்தது. மீன் சந்தை. பாரை நல்லதில்லை, சாளை வாங்கினேன். சேவியரின் தோள் நோ குறைந்திருக்கிறது.

பின்னேரம் இரண்டாம் பக்கம்.

அந்த அதிகாரி தங்கைக்குக் கதைபோல எழுதுகிறார். ஊர் வரி கட்டவில்லை. குறி சொல்பவர் சிற்பத்தைத் தர மறுத்தார். சிப்பாய்கள் வீட்டுக்குள் போய் எடுத்து வந்தார்கள். அவருடைய மனைவி இரண்டு நாள் இவர்களுக்குப் பின்னால் நடந்து வந்தாள். சத்தம் போடவில்லை, கெஞ்சவில்லை, கொடுத்த சாப்பாட்டைத் தொடவில்லை. ஆற்றங்கரையில் தோணி எடுத்தபோது தண்ணீருக்குள் இடுப்பளவு வந்து நின்றாள். அவள் பெயர் என்ன என்று மொழிபெயர்ப்பாளனைக் கேட்டதாக எழுதிவிட்டு, அடுத்து ஒரு சொல். அந்தச் சொல் எனக்கு வாசிக்க வரவில்லை. மை ஊறிப் பரவியிருக்கிறது.

அதன் பிறகு தங்கையின் கலியாண உடுப்புப் பற்றி நாலு வரி. முத்தங்கள். கையெழுத்து.

இரண்டு தரம் வாசித்தேன். சாளை கருகிவிட்டது.

மார்ச் 10, திங்கள்

மொழிபெயர்ப்பைக் கொடுத்தேன். ஹெ. இரண்டாம் பக்கத்தை வாசித்தபோது கழுத்து சிவந்தது. கதவைச் சாத்தினார்.

வாங்கியது என்றுதான் நூதனசாலைப் பதிவேட்டில் இருக்கிறது. இந்தப் பக்கம் வெளியே போனால் அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான் என்றும் சொன்னார். ஆனால் நிர்வாகக் குழுவுக்கு முதலில் காட்ட வேண்டும், வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். நாளைக்கு நான் முதல் பக்கம் மட்டும் வாசிக்கட்டாம். மற்றது பிறகு, ஒழுங்கான வழியில்.

சரி என்றேன். ஓம், சரி என்றேன்.

ரயிலில் யாரோ ஒரு பிள்ளை கைபேசியில்: 'நான் பொய் சொல்லேல்ல மாமி, ஃபுல்லா சொல்லேல்ல, அவ்வளவுதான்.' எங்கள் ஊர்ப் பிள்ளை போல. மற்ற நாளென்றால் சிரித்திருப்பேன்.

 பாண் மட்டும் சாப்பிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும். மறந்துவிடக் கூடாது.

நாலு பேர் வந்தார்கள். முன்னுக்கு நின்று கதைத்தவர் எஸ்தர், லூபாப் பெண். என் வயதுதான் இருக்கும், ஆஸ்பத்திரித் தாதி, இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். அவருடைய தம்பி. உறவுக்காரர் இருவர். ஹெ. ஆங்கிலத்தில் வரவேற்றார். நான் பிரெஞ்சில் பேசியதும் எஸ்தரின் முகம் கொஞ்சம் இளகியது. பெல்ஜியமா என்று கேட்டார். ஓம், அங்கே துடைக்கிற வேலை என்றேன். தானும் இங்கே வந்து முதல் ஆறு வருடம் அதுதான் என்றார்.

மேசையில் வைத்த சிற்பத்தை அவர் முன்னால் நின்று பார்க்கவில்லை. சுற்றிப் பின்னால் போனார். கொண்டையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். பெண்ணின் நிலை என்ன, அவளை எத்தனை கைகள் சேர்ந்து அலங்கரித்திருக்கின்றன என்று தலையின் பின்பக்கத்தில்தான் தெரியும் என்றார். பிறகுதான் முன்னுக்கு வந்து அட்டையை வாசித்தார்.

"இவள் பிச்சை கேட்கவில்லை. கொடுக்கிறாள். கையைப் பாருங்கள், கிண்ணத்தை நீட்டிப் பிடித்திருக்கிறாள்."

இப்போது சொல்லாவிட்டால் இனிச் சொல்ல முடியாது என்று தெரிந்தது. சொன்னேன். சாந்துத் தூள் என்று நினைத்தது, ஆறு குச்சி, குப்பைத் தொட்டி, லொறி. குப்பியில் கொண்டுவந்த பொய் வெள்ளையையும் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. ஹெலனுக்குக்கூட அதைச் சொல்லியிருக்கவில்லை.

எஸ்தர் கிண்ணத்துக்குள் பார்த்தார். வெடிப்பில் மிஞ்சியிருந்த வெள்ளையைக் காட்டினேன். அவருடைய தம்பி என்னவோ தங்கள் மொழியில் சொன்னான், கோபமாக. அவர் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார்.

"பரவாயில்லை என்று நான் சொல்லமாட்டேன்," என்றார் என்னிடம். "நான் ஒருத்தி மன்னிக்க, அது என்னுடையது மட்டும் இல்லை. ஆனால் நீங்கள் சொன்னதைக் கேட்டேன்."

அது போதும் என்று எழுதினால் பொய். போதவில்லை. ஆனால் மூச்சு வந்தது.

பிறகு கடிதம். முதல் பக்கத்தை வாசித்தேன். வெண்களி, ஆறு, நிலவு. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கழுவிவிடாதே என்ற வரியோடு நிறுத்தினேன். தாளை மடித்தேன்.

"இவ்வளவுதானா?"

ஹெ. சுவரோரம் நின்றார். பிரெஞ்சு தெரியாது. ஆனால் கேள்வி என்ன என்று தெரிந்திருக்கும், என் முகத்தைப் பார்த்தார். நான் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. வெள்ளி முடியும் ஒப்பந்தம். சேவியரின் தோள், வேலை இல்லாத வாரங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் வந்து நின்றன.

"இல்லை," என்றேன். "இன்னொரு பக்கம் இருக்கிறது."

வாசித்தேன். சிப்பாய்கள். இரண்டு நாள் நடை. இடுப்பளவு தண்ணீர். பெயர் வரும் இடத்தில் தடுமாறினேன், எனக்கு வாசிக்க வரவில்லை, மன்னியுங்கள் என்றேன். எஸ்தர் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்தெழுத்தாக உதடு அசைந்தது.

"முஜிங்கா."

தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றிப் பிறக்கும் பிள்ளைக்கு வைக்கிற பெயராம். சாதாரணப் பெயர், எங்கள் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள் என்றார்.  அவருடைய தம்பி வெளியே போய்விட்டான். நடைக்கூடத்தில் அவன் நடக்கிற சத்தம், அங்கும் இங்கும், கனநேரம்.

போகும்போது எஸ்தர் ஹெலனிடம் ஆங்கிலத்தில் கடிதத்தின் பிரதி கேட்டார். இரண்டு பக்கமும் என்று விரலால் காட்டினார்.

மார்ச் 12, புதன்

மழை. குடை மறந்தேன்.

ஹெ. காலை முழுவதும் கூட்டத்தில். பதினொன்றுக்கு வந்து, உங்களிடம் நான் ஒன்று கேட்டிருந்தேன் என்றார். எஸ்தர் கேட்டார், நான் பொய் சொல்லவில்லை என்றேன். தெரியும் என்றார். பிறகு மெதுவாக, நேற்று என் இடத்தில் நின்றிருந்தால் தான் என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை என்றார்.

குப்பி விஷயத்தையும் அவரிடம் சொன்னேன். அதையும் அறிக்கையில் எழுதட்டுமா என்று கேட்டார். எழுதுங்கோ என்றேன். எழுதினாரோ தெரியாது.

எஸ்தரின் குடும்பத்தார் நேற்றே மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்கள். சிற்பத்தைத் திருப்பித் தருவது பற்றிப் பேச வேண்டும், என்று. குழு பேசச் சம்மதம் சொல்லியிருக்கிறது. வருடங்கள் எடுக்கும் என்கிறார்கள். அட்டையை மட்டும் இன்றே கழற்றினோம். ஹெ. கழற்ற, நான் சிற்பத்தின் பெட்டியைப் பிடித்தேன்.

சேவியரிடம் எல்லாம் சொன்னேன். இடியப்பத்தைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"வேலை போனாப் போகட்டும். நான் அண்டைக்குச் சொன்னதைக் கணக்கில எடுக்காதையும்."

மார்ச் 14, வெள்ளி

நித்திரை இல்லை. காலையில் உடுப்பு மூன்று தரம் மாற்றினேன். வேலையால் நிற்பாட்டப்படுகிறவளுக்கு எது பொருத்தம் என்று.

இரண்டரைக்கு ஹெ. கூப்பிட்டார். எழுத்தில் ஓர் எச்சரிக்கை, என் கோப்பில் ஒரு வருடம் இருக்கும். ஒப்பந்தம் மூன்று மாதம் மட்டும் நீட்டிப்பு. நிபந்தனை: இனி எந்தப் பொருளையும் நான் தொடக் கூடாது. தூரிகை, கையுறை, மூன்றாம் தட்டு எல்லாம் வேறு ஒருவருக்கு.

அந்த வேலையை எவ்வளவு விரும்பினேன் என்று அந்தக் கதிரையில் இருக்கும்போதுதான் தெரிந்தது. கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

நான் செய்ய வேண்டியது: பின் அறையில் பிரெஞ்சுக் கோப்புகள் பதினொரு பெட்டி. யாரும் வாசித்ததில்லை. எல்லாவற்றையும் வாசித்து, உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். குழு கேட்டதாம். ஹெ. கேட்க வைத்தார் என்று நினைக்கிறேன்.

மூன்று மணிக்கு முதல் பெட்டியைத் திறந்தேன். ஈரமணம். முதல் கடிதம் ஒரு முகமூடி பற்றியது. முதல் வரி: 'இதை நான் வாங்கினேன்.' யாரிடம் என்று இல்லை. பக்கத்தைப் புரட்டினேன்.